நான்கு இறாத்தல்

"நான் இப்பதான் சாப்பிட்டனான்."

இந்த வாக்கியம் என் நாட்குறிப்பில் நாற்பத்தொரு இடங்களில் இருக்கிறது. சொன்னவர் ஒருவரே. போன கிழமை அலுமாரியை ஒழுங்குபடுத்தும்போது அந்த நாலு வருடக் கொப்பிகளையும் வெளியே எடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டி எண்ணினேன். இரண்டு பின்னேரங்கள் பிடித்தன. எண்ணாமல் விட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் எங்கள் தாய்சேய் நிலையத்தின் மருத்துவிச்சி. நான் அங்கே பதிவேடு எழுதிய எழுதுவினைஞர். இரண்டு அறைகளும் ஒரு விறாந்தையும் கொண்ட பழைய ஓட்டுக் கட்டடம் அது. என் மேசையிலிருந்து யன்னலால் பார்த்தால் உள்துறைமுகத் தண்ணீர், நங்கூரமிட்ட ஒன்றிரண்டு கப்பல்கள், அக்கரையில் சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள். எழுபதுகளின் தொடக்கம். ஊர் முழுவதும் பாணுக்கு வரிசையில் நின்ற காலம். அவருக்கு அப்போது நாற்பது ஆகவில்லை. எனக்கு முப்பத்திரண்டு. இருவருக்கும் கலியாணம் ஆகியிருக்கவில்லை. இருவரும் வாடகை அறைகளில் இருந்தோம்; அவர் அன்புவழிபுரத்தில், நான் கடற்கரைப் பக்கம்.

அவரை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் என்னைப் 'பிள்ளை' என்பார். அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை.

குழந்தையைக் கையில் வாங்கியதும் அதன் நிறையைச் சொல்லிவிடுவார். "ஒன்பதே கால் இறாத்தல்" என்பார். நான் தொங்குதராசில் போட்டுப் பார்ப்பேன். ஒன்பதே கால் இருக்கும். ஒருநாள் ஒன்பதரை காட்டியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பிள்ளை நனைச்சுப்போட்டுது, துணியை மாத்திப்போட்டு நிறுங்க" என்றார். மாற்றி நிறுத்தேன். ஒன்பதே கால்.

தாய்மாருக்கு அவர் சொல்லும் சமையல் குறிப்புகளை நான் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்திருந்தேன். வறுத்த பயறு, ஒரு பிடி முருங்கையிலை, இடித்த நெத்தலித் தூள், கடைசியில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். சல்லியிலிருந்து வரும் மீனவப் பெண்கள் பிள்ளையைக் கஞ்சித் தண்ணீரில் வளர்ப்பது தெரிந்தால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "கடல் முழுக்க உங்கட வீட்டுக்குள்ள வருது, பிள்ளைக்கு ஒரு துண்டு மீன் இல்லையோ?" என்று ஏசுவார். ஏசிவிட்டு, தன்னுடைய பங்குச் சீனியைக் கடதாசியில் சுற்றி அவர்களிடமே கொடுத்துவிடுவார். அவருக்குப் பயந்த தாய்மார் பலர். அவரிடம் வராமல் இருந்த தாய்மார் யாருமில்லை.

மத்தியானம் நானும், சல்லியிலிருந்து வேலைக்கு வரும் சிற்றூழியப் பெண்ணும் பின்விறாந்தையில் பார்சலைப் பிரிப்போம். அந்த நேரம் பார்த்து மிஸ்ஸி வருவார். கதிரையை இழுத்துப்போட்டு எங்கள் முன்னால் உட்கார்வார். என்ன கறி என்று கேட்கமாட்டார், வாசத்திலேயே சொல்லிவிடுவார். "கத்தரிக்காய்க்கு வெந்தயம் கூடிப்போச்சு, என்ன பிள்ளை?" என்பார். கூடித்தான் போயிருக்கும். நாங்கள் சாப்பிடுவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வாய் வாருங்கள் என்றால் மேலே எழுதிய வாக்கியம் வரும். வேறு வாக்கியமே வராது.

"மிஸ்ஸி காத்தைக் குடிச்சுச் சீவிக்கிறா" என்பாள் அந்தப் பெண். "அவவுக்கு எதுக்கு அரிசிக் கூப்பன்? எனக்குத் தந்தா என்ர அஞ்சு குஞ்சும் கொழுத்துத் திரியும்."

மிஸ்ஸி விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த கிழமையிலிருந்து தன் கூப்பன் அரிசியில் பாதியை அவளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். பிறகு முழுவதையும். அவள் வாங்கிக்கொண்டாள். ஐந்து பிள்ளைகள் உள்ளவள். நான் அவளைக் குறை சொல்லமாட்டேன். மற்றவர்கள் அரிசியும் மரவள்ளியும் தேடி அலைந்த அந்த மாதங்களில் எங்கள் எல்லோருடைய கழுத்தெலும்புகளும் தெரிந்தன. அதனால் மிஸ்ஸியினுடையது தனியாகத் தெரியவில்லை. மேலிடத்திலிருந்து வந்த ஒரு அதிகாரி, தட்டுப்பாட்டுக் காலத்தில் தன் பங்கைப் பிறருக்குக் கொடுக்கும் இவரைப் பார்த்துப் பழகுங்கள் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார். நாங்கள் கைதட்டினோம். மிஸ்ஸி அந்த வெயிலிலும் கம்பளிச் சட்டையை இழுத்துப் போர்த்தியபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவரிடம் ஒரு தடித்த கொப்பி இருந்தது. பத்திரிகைகளில் வந்த சமையல் குறிப்புகளை வெட்டி ஒட்டி வைத்திருப்பார். கேக், புடிங், பெயரைக்கூட நாங்கள் கேள்விப்படாத பலகாரங்கள். வேலையில்லாத நேரத்தில் அதைப் புத்தகம் படிப்பதுபோல் படிப்பார். தீபாவளிக்குப் பயற்றம் பணியாரம் சுட்டு ஒரு டின் நிறையக் கொண்டுவருவார். எல்லோருக்கும் இரண்டிரண்டாகக் கொடுத்து, ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பார். மாவும் சர்க்கரையும் எங்கே தேடிப்பிடித்தார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் தின்றாரா என்றும் யாரும் கேட்கவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. அவர் விரதக்காரர் என்று நாங்கள் நம்பினோம். வெள்ளிக்கிழமை, செவ்வாய்க்கிழமை, சதுர்த்தி, சஷ்டி, பறுவம், அமாவாசை. எங்கள் ஆட்களிடம் விரதம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அதற்குப் பிறகு ஒருவரும் வற்புறுத்தமாட்டார்கள். வற்புறுத்துவது பாவம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு மனிதர் எவ்வளவு காலமும் இருந்துகொள்ளலாம்.

செவ்வாய்க்கிழமைகளில் கிண்ணியாவில் கிளினிக். பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித் தண்ணீரைக் கடந்து போவோம். அங்கே தாய்மார் தயிர்ச்சட்டியோடு காத்திருப்பார்கள். அவர்களிடம் மிஸ்ஸி, இன்றைக்கு எனக்கு விரதம் என்பார். பின்னேரம் இக்கரைக்கு வந்து யாராவது கோயிலடி வீட்டில் சாப்பிடக் கேட்டால், கிண்ணியாவில் கழுத்துவரைக்கும் தந்துவிட்டார்கள் என்பார். இரண்டையும் கேட்ட ஒரே ஆள் நான். இரண்டையும் அந்தந்தத் தேதியில் எழுதியும் வைத்தேன். ஒரு பக்கத்திலிருக்கும் இரண்டு வரிகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அது என் வேலை இல்லை என்று இருந்துவிட்டேன்.

ஒருமுறை சம்பூர்ப் பக்கம் ஒரு பிரசவத்துக்குப் போய்விட்டு மூதூரிலிருந்து லோஞ்சில் திரும்பிக்கொண்டிருந்தோம். கடல் அமைதியாக இருந்தது. மிஸ்ஸி, தன் தகப்பன் செத்த பிறகு மாமி வீட்டில் வளர்ந்த கதையைச் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

"மாமி சுண்டால அரிசி அளப்பா. ஆளுக்கு ஒரு சுண்டு. தன்ர பிள்ளையளுக்கு மளமளவெண்டு அளந்து போடுவா. எனக்கு வரேக்க கை ஒருக்கா நிக்கும். பிறகு போடுவா. நிறையத்தான் போடுவா. ஒரு சொல் சொல்ல மாட்டா. நல்ல மனிசி." சிரித்தார். "அந்தக் கை நிக்கிறதை நான் பாத்துக்கொண்டே இருப்பன்."

இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அவர் சொன்னார், அதனால் எழுதுகிறேன்.

இனி அந்த வெள்ளிக்கிழமைகள்.

கிளினிக் முடிந்து தாய்மார் போனபிறகு, மூன்று மணியளவில், மிஸ்ஸி கதவைச் சாத்துவார். கர்ப்பிணிகள் ஏறி நிற்கும் தராசில் தான் ஏறி நிற்பார். அதற்கு முன் கம்பளிச் சட்டை, கைக்கடிகாரம், கொண்டையூசி எல்லாவற்றையும் கழற்றி என் மேசையில் வரிசையாக வைப்பார். முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார்.

"என்ர கண் எனக்குச் சாதகமாப் பாக்கும். நீங்க பாத்து எழுதுங்க பிள்ளை. நீங்க பிழை எழுதாத ஆள்."

அது உண்மை. நான் பிழை எழுதாத ஆள் என்பது நிலையத்தில் ஒரு பகிடி. போன மாசி எத்தனையாம் திகதி மழை பெய்தது என்று தெரியவேண்டுமானால் என்னைக் கேளுங்கள் என்று டொக்டர்கூடச் சொல்வார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. தராசின் குண்டை நகர்த்தி, கம்பி நேராக நின்றதும் எண்ணை வாசித்துச் சொல்லுவேன். நாட்குறிப்பின் வலது மூலையில் எழுதுவேன். அவர் இறங்கி, கொண்டையூசிகளை ஒவ்வொன்றாகக் குத்திக்கொள்வார். அவ்வளவுதான். எண்களை இங்கே எழுதமாட்டேன். அவை யாருக்கும் பயன்படாது. அவை குறைந்துகொண்டே போயின என்றால் போதும்.

மூன்றாவது வருடம், ஐப்பசியில், ரமழான் நோன்பு நடந்துகொண்டிருந்தபோது ஒரு செவ்வாய்க்கிழமை கிண்ணியாவில் மழையில் அகப்பட்டுக்கொண்டோம். பாதை அக்கரையில் நின்றுவிட்டது. துறைக்குப் பக்கத்து வீட்டில் ஏறினோம். மிஸ்ஸியின் கையில் ஒன்பதாவது பிள்ளையைப் பெற்ற பெண்ணின் வீடு அது. தாய்மாரோடு தானும் நோன்பு பிடிக்கிறேன் என்று மிஸ்ஸி அந்த மாதம் முழுவதும் அங்கே சொல்லியிருந்தார். அந்தப் பெண் அதில் சந்தோசப்பட்டுப்போயிருந்தாள். பொழுதுபட்டுப் பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழமும் ஒரு கோப்பை நோன்புக் கஞ்சியும் கொண்டுவந்து வைத்தாள். வீடு முழுவதும் குடித்தது. நானும் குடித்தேன். மிஸ்ஸி கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். சூட்டுக்காகப் பிடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். கஞ்சியில் ஆடை படிந்தது.

அந்தப் பெண் தன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மிஸ்ஸி, நோன்பெண்டா அதத் திறக்கிறதுக்கு ஒரு நேரம் இருக்கு. பாங்கு சொன்னா நாங்க திறந்திடுவம். உங்கட நோன்புக்குப் பாங்கே இல்லையா?"

மிஸ்ஸி கோப்பையை உதடுவரை கொண்டுபோய், திரும்ப வைத்தார். மழை விட்டதும் புறப்பட்டோம். பாதையில் நிற்கும்போது அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கை ஈரத் துணிபோலக் குளிர்ந்திருந்தது. அன்றைய குறிப்பில், 'மழை, பாதை ஒன்றரை மணி தாமதம்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

அந்த வருடம் பெருநாள் பிறையோடு ஒட்டிக்கொண்டு கந்தசஷ்டி வந்தது. ஒரு கரையில் நோன்பு முடிய மறு கரையில் விரதம் தொடங்கியது. ஆறு நாளும் அவர் தண்ணீர் மட்டும் குடிக்கிறார் என்று ஊர் வியந்தது. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் தராசில் ஏறக் கால் தூக்கியபோது சுவரைப் பிடிக்கவேண்டியிருந்தது. எண்ணை வாசித்துவிட்டு, டொக்டரிடம் ஒருமுறை காட்டுவோமா என்று கேட்டேன். மூன்று வருடத்தில் முதல்தடவையாகக் கேட்டேன்.

"எனக்கென்ன பிள்ளை, நல்லாத்தானே இருக்கிறன்" என்றார் யன்னலைப் பார்த்தபடி. பிறகு, "இன்னும் ஒரு நாலு இறாத்தல். அது குறைஞ்சால் பிறகு உங்களோட இருந்து ஒழுங்காச் சாப்பிடுவன். ஓம், உண்மையா" என்றார்.

அந்தக் கிழமை முழுவதும் நான் அதையே யோசித்தேன். நாலு இறாத்தல் என்பது அவருக்கு வேண்டிய ஒரு எண். எண் என்னிடம் இருந்தது. அவர் தராசைப் பார்ப்பதில்லை. நான் சொல்வதைத்தான் கேட்கிறார். எவ்வளவு இலகுவான காரியம்.

அடுத்த வெள்ளி, விடிய எழும்பி இடியப்பமும் சொதியும் செய்து பார்சல் கட்டிக்கொண்டு போனேன். மூன்று மணிக்கு அவர் ஏறி நின்றார். கம்பி, போன கிழமை நின்ற இடத்திலேயே நின்றது. நான் நாலு இறாத்தலைக் கழித்துச் சொன்னேன்.

அவர் உடனே இறங்கவில்லை. "வடிவாப் பாத்தனீங்களோ?" என்று கேட்டார்.

"ஓம் மிஸ்ஸி."

"எழுதுங்க."

எழுதினேன். என் கையால் தெரிந்துகொண்டு எழுதிய முதல் பிழை. பார்சலைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். அவர் ஒரு இடியப்பத்தை எடுத்து, நூல் நூலாகப் பிரித்தார். ஒரு நூலை வாயில் வைத்தார். கனநேரம் மென்றார். "சொதி நல்லாயிருக்கு. மிச்சத்தை வீட்டை கொண்டுபோய்ச் சாப்பிடுறன்" என்று சொல்லிப் பார்சலைத் திரும்ப மடித்தார். நான் அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது வழியில் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன். அதுவும் குறிப்பில் இருக்கிறது.

ஏழு நாள் கழித்து அவர் மறுபடியும் ஏறினார். நான் குண்டை நகர்த்தினேன். கம்பி நேரானது. நான் பொய்யாகச் சொன்ன எண்ணில், ஒரு அவுன்ஸ் கூடாமல் குறையாமல், அது நின்றது.

எண்ணைச் சொன்னேனா, இல்லையா என்று நினைவில்லை. நாட்குறிப்பின் மூலை அன்று வெறுமையாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை கிண்ணியாத் துறையில், பாதையிலிருந்து இறங்கும்போது அவர் விழுந்தார். அந்த ஒன்பது பிள்ளைத் தாய்தான் ஓடிவந்து அவரைத் தனியே தூக்கினாள். "அல்லாஹ், பத்து வயசுப் புள்ளையிட பாரம்கூட இல்லையே" என்றாள். நிறை சொல்லும் மிஸ்ஸியின் நிறையை அவள் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அவருக்குக் கதைக்கத் தெம்பு வந்தது. நான் கட்டில் ஓரமாக மர வாங்கில் இருந்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"மிஸ்ஸி, அண்டைக்கு நான் பிழையாச் சொன்னனான். நாலு இறாத்தல் குறையேல்லை."

"தெரியும் பிள்ளை."

"தெரியுமோ?"

"எத்தினை வருசமாப் பிள்ளையளைத் தூக்கி நிறை சொல்றன். என்ர உடம்பு எனக்குத் தெரியாதே?"

"பிறகேன் அப்பிடிச் செய்தனீங்க?"

அவர் கூரையைப் பார்த்தார். "நீங்க ஒருநாளும் பிழை எழுதாத ஆள். உங்கட கொப்பியில இருக்கிறதைப் பொய்யாக்க எனக்கு மனம் வரேல்லை."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பகிடிக்குச் சொன்னாரா என்று எட்டு வருடமாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் வேறொன்றை அந்த வாங்கில் இருந்தபோது விளங்கிக்கொண்டேன். தன் நிறையை அறிய அவருக்கு என் கண் தேவைப்படவில்லை. மூன்று வருடமாக, கிழமைக்கு ஒருமுறை, கதவைச் சாத்திவிட்டு, கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு ஆளுக்கு முன்னால் அவர் ஏறி நின்றார். நான் எழுதினேன்.

அந்தக் கிண்ணியாப் பெண் கைக்குழந்தையோடு தினமும் பாதையில் ஏறி வந்தாள். ஒரு தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவருவாள். சாப்பிடுங்கள் என்று ஒருநாளும் சொல்லவில்லை. குழந்தையை மிஸ்ஸியின் பக்கத்தில் கிடத்திவிட்டுத் தன் பங்கைக் குடித்துக்கொண்டு இருப்பாள். ஆறாவது நாள் மத்தியானம் பட்டணத்துப் பள்ளிவாசலில் லுஹர் பாங்கு கேட்டது. அவள் கரண்டியை நீட்டினாள்.

"மிஸ்ஸி, பாங்கு சொல்லிட்டாங்க."

மிஸ்ஸி வாயைத் திறந்தார். மூன்று கரண்டி. நான் எண்ணினேன். மூன்றாவதுக்குப் பிறகு அழுதார். அவள் முந்தானையால் அவருடைய வாயை மட்டும் துடைத்துவிட்டாள், கண்ணைத் துடைக்கவில்லை.

மட்டக்களப்பிலிருந்து தம்பி வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் ஏறும்போது அந்தச் சமையல் கொப்பி அவர் மடியில் இருந்தது. வேலையில் அவருடைய இடத்துக்கு வேறு மருத்துவிச்சி வந்தார். நல்லவர். எங்களோடு இருந்து வயிறாரச் சாப்பிடுவார். பின்விறாந்தையில் அந்தக் கதிரை அதே இடத்தில் கிடந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எனக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்போதுதான் அந்த யன்னலில் அவர் என்ன பார்த்திருப்பார் என்று பார்க்கத் தொடங்கினேன். தண்ணீரும் எண்ணெய்த் தாங்கிகளும்தான்.

ஒரு வருடம் கழித்து ஒரு தபாலட்டை வந்தது. தம்பியின் பிள்ளைகள் நலம், மழை நல்லது, இங்கே வீட்டில் தராசு இல்லை. அவ்வளவுதான் செய்தி. ஆனால் அட்டை இப்படித் தொடங்கியது: 'அன்புள்ள பிள்ளைக்கு, நான் இப்பதான் சாப்பிட்டனான்.' அதை அன்றைய பக்கத்தில் ஒட்டி வைத்தேன். பதில் போட்டேன். பிறகு ஒன்றும் வரவில்லை.

பதிவேட்டில் பிழை வந்தால் சுரண்டக் கூடாது, மை பூசக் கூடாது. பழைய எண் தெரியும்படி சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, சரியான எண்ணை மேலே எழுதி, பக்கத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். போன கிழமை அந்த நாலு இறாத்தலை அப்படித் திருத்தினேன். பேனை கையில் இருந்தது. திரும்ப முதல் கொப்பியிலிருந்து தொடங்கி, அவர் சாப்பிட்டனான் என்று சொன்ன ஒவ்வொரு இடத்திலும், பக்கத்து வெற்றிடத்தில், 'சாப்பிடவில்லை' என்று எழுதிக்கொண்டு வந்தேன்.

நாற்பது இடங்களில் எழுதினேன். தபாலட்டை ஒட்டிய பக்கத்தில் பேனையை மூடிவிட்டேன்.